துரை வீட்டுப் புல்

மனிதரைக் கண்டால் நிமிர்ந்து நிற்பார். புல்லைக் கண்டால் குனிவார். அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான் சொல்வேன். மேலே எழுதுவது பிரியம் பொங்கி அல்ல. மனதில் கிடப்பதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. செத்தவரைக் குறை சொல்கிறோமே என்ற கூச்சம் காரணமில்லை. எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம் முழுவதும் அவர் கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தியைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ, மூணாம் நெரை’ என்பார், அல்லது ‘இந்தா, செவப்புப் படங்கு’ என்பார். நிற்கும் தேயிலை வரிசையும் இடுப்பில் கட்டியிருக்கும் சாக்குத் துணியும்தான் எங்கள் பெண்களுக்கு அவர் வைத்த பெயர்கள். அந்த மரியாதையை அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குப் பதுளைப் பக்கமாக இருக்கிறது. நான் பதுளை டவுனில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் பஸ் பிடித்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விடுவேன். அங்கே என் சித்தி இருக்கிறாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. நானும் செவலை என்ற பசுவும்தான்.

கணக்கப்பிள்ளை என்றால் மலையில் பெண்களுக்குப் பின்னால் நடந்து வேலை பார்ப்பவர், அதாவது மற்றவர்கள் செய்யும் வேலையைப் பார்ப்பவர். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேசு என்கிற காலுறை, கையில் ஒரு தடி. அந்த நாளில் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான், புல். கொழுந்து எடுத்துக்கொண்டே போகும்போது நெரையில் கண்ணில் படும் புல்லையும் பெண்கள் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தேயிலைத் தூருக்கடியில் ஒரு பிடிப் புல் தப்பிக் கிடந்தால் அவர் மூக்குக்கு வாசம் தெரிந்துவிடும்.

மற்றத் தோட்டங்களில் இதற்கு ஏசுவார்கள், மிஞ்சிப் போனால் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டுவார்கள். இவர் தண்டனை வேறு மாதிரி. அந்தப் புல்லை வேரோடும் மண்ணோடும் பிடுங்குவார். அந்தப் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் தொங்கும் கூடையின் விளிம்பில், கொழுந்துக்கு மேலே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி செருகிவிடுவார். “இருக்கட்டும். மடுவத்துல எல்லாரும் பாக்கட்டும்” என்பார். மடுவம் என்பது சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அதுவரைக்கும் அவள் அந்தப் புல்லோடுதான் மலை ஏறி இறங்க வேண்டும். எடுத்துப் போட்டால் அரைப்பேர். நிறுக்கும் இடத்தில் ஆண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கங்காணி சிரிப்பார், லாரிக்காரன் சிரிப்பான். சிரிக்காத பெண்கள் தங்கள் கூடையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

சித்தப்பா இறந்து கருமாதி முடிந்து சித்தி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே மடுவத்துக்குப் போனேன். அவளைத் தனியாக நடந்து வரவிட மனசில்லை. வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூடையில் புல் இருந்தது. புருஷன் செத்துப் பதினாறு கழிந்து வந்தவளின் கண்ணுக்கு ஒரு பிடிப் புல் தப்பியிருக்கிறது, அதை மன்னிக்க அவருக்கு மனம் வரவில்லை. சித்தி அழவில்லை. வீட்டுக்கு வந்து தலைமுடியில் உதிர்ந்திருந்த மண்ணை என்னைத் தட்டிவிடச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிப் புல்லைக் கண்டால் பொங்கிய மனிதர் ஓய்வு பெற்ற பிறகு புல் வளர்க்க ஆரம்பித்தார் என்றால் யாராவது நம்புவார்களா? நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

தோட்டத்துப் பெரிய பங்களாவை ஓட்டலாக மாற்றினார்கள். எல்ல என்ற ஊர்ப் பக்கம் வரும் வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு நாள் வந்து தங்கிப் போகிறார்கள். பங்களாவுக்குப் பின்னால் பெரிய மரங்களின் நிழலில் ஒரு புல்பாத்தி வெகுகாலமாக இருந்தது. மூங்கில் இலை போல அகன்ற இலை, இடுப்பளவு உயரம், தட்டையான கதிர்கள். காற்று வந்தால் கதிர்களெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசு என்று பேசும். ஒரு தரம் வைத்தால் வருடா வருடம் அதே தூரிலிருந்து கிளம்பி வரும். நீச்சல் குளம் கட்டுவதற்காக அந்த இடத்தைத் தோண்டி, புல்லை வேரோடு குப்பையில் எறிந்தார்கள்.

செய்தி கேட்டதும் அவர் ஓடினார். ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள். அந்தத் தூர்களை உரச்சாக்கில் அள்ளித் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினார். அவர் தலையில் சுமை இருந்ததை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். எங்கள் புலி தின்னவில்லை, சுமந்தது.

காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். “இது புல்லு இல்ல. தொரை வீட்டுப் புல்லு. தொரைசாணி கையால வச்சது.” அந்தத் துரைசாணியை அவர் கண்டதில்லை. அவர் அப்பாகூடத் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பார். வெள்ளைக்காரத் துரைகள் போய், தோட்டம் அரசாங்கத்திடம் போய், பிறகு கம்பனிக்குப் போய், எத்தனையோ கை மாறிவிட்டது. பங்களாவின் பின்பக்கத்தில் வரிசையாக ஒரு புல் நிற்கிறது, பங்களாவில் துரைசாணி இருந்தாள், ஆகவே அவள் அழகுக்காக வைத்த புல். இதுதான் அவர் ஆராய்ச்சி.

ஓய்வு பெற்றும் அவர் குவாட்டர்ஸை விடவில்லை. எங்கள் லயத்துக்கு மேலே, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் அந்த வீடு. காட்டு மரங்களின் நிழல் முற்றத்தில் விழும். அங்கேதான் புல்லை வைத்தார். அவருக்குப் புல் வளர்க்கத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லித் திட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. வெயில் நேராக அடித்தால் இலையோரம் கருகும் என்று காலை வெயில் மட்டும் படுகிற இடமாகப் பார்த்தார். காட்டுக்குள் போய் மக்கிய சருகை அள்ளிவந்து தூரைச் சுற்றிப் போட்டார். கதிர் முற்றி விதை கொட்டினால் தேயிலைக்குள் முளைத்துவிடும் என்று கதிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். தூர் பெருத்து நடுவில் வெறுமையானால், தோண்டி எடுத்து வெளிப்பக்கத்துக் கன்றுகளைப் பிரித்து நட்டார். வருடத்துக்கு ஒரு தரம், வறட்சி முடிந்து மழை இறங்கும் முன்னால், தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒரு சாண் விட்டு மொத்தத்தையும் வெட்டுவார். புதுக் குருத்து கிளம்பிய பிறகு வெட்டினால் நுனி மொட்டையாகிவிடுமாம்.

எங்கள் ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் அடிக்கும் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உதடு வெடிக்கும். தேயிலைக்கு அந்தக் காற்றில்தான் வாசம் ஏறும் என்று துரைமார் கொண்டாடுவார்கள். புல்பூண்டுக்கு அது எமன். அந்த மாதங்களில் அவர் காற்று வரும் பக்கம் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டு, மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். அதாவது அவர் மனைவி சுமந்து வருவார், அவர் ஊற்றுவார்.

அந்த அம்மா நல்ல மனுஷி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதில்லாவிட்டால் அந்த வீட்டில் இருந்திருக்க முடியாது. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாள் சித்தியிடம், “சக்களத்தி வந்திருந்தாக்கூட ரெண்டு பேருமா சேந்து சமைச்சிருப்போம். இதுக்கு நான் சாணி கரைச்சி ஊத்த வேண்டியிருக்கு” என்றார்.

அந்தச் சாணி எங்கள் செவலையுடையது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வாரா வாரம் அந்த அம்மா வாளியோடு எங்கள் தொழுவத்துக்கு வருவார். சித்தி முகம் சுளிக்காமல் அள்ளிப் போடுவாள். எங்கள் மாடு போட்ட சாணியில் துரை வீட்டுப் புல் கொழுத்து வளர்ந்தது. ஆனால் அவர் வெட்டிக் கழிக்கும் புல்லில் ஒரு கட்டு எங்கள் மாட்டுக்கு வந்ததில்லை. வருடா வருடம் வெட்டியதையெல்லாம் முற்றத்தில் குழி தோண்டிக் கொளுத்துவார். சாம்பலை அள்ளி மறுபடியும் தூருக்கே போடுவார். நாங்கள் லயத்து வாசலில் நின்று அந்தப் புகையைப் பார்ப்போம். பச்சைப் புல் எரிகிற வாசத்துக்குச் செவலை தொழுவத்தில் தலையைத் தூக்கிக் கத்தும். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. ஆனால் நாய் வைக்கோலைக் கொளுத்தாது.

சித்திக்கு இதற்குள் முழங்கால் போய்விட்டிருந்தது. மேட்டில் ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் ஏற முடியாது. வேலையிலிருந்து நின்றுவிட்டாள். செவலையின் பால்தான் அவள் பிழைப்பு. ஓட்டலுக்கும் சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் கொடுப்பாள். என் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கேட்கமாட்டாள். செவலை விழுந்தால் சித்தி மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு அன்றாடக் கூலிக்குக் கைக்காசு வேலைக்குப் போவாள், அது நிச்சயம். அந்த முழங்காலோடு எத்தனை நாள் போவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் சொல்லும் அந்த வருடம் செவலை சினையாக இருந்தது. மழை சித்திரையோடு நின்றது. கச்சான் தொடங்கி ஓயாமல் அடித்தது. தண்ணீர் ஓடும் கானோரம் இருக்கும் புல்கூடக் காய்ந்து கையில் எடுத்தால் பொடியாகியது. சித்தி பலா இலை ஒடித்தாள், வாழைத்தண்டை நறுக்கிப் போட்டாள். லயத்தில் வாழை தீர்ந்தது. செவலையின் இடுப்பெலும்பு இரண்டும் வெளியே வந்தன. படுத்தால் எழுந்திருக்க நாலு தரம் முயற்சி செய்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பச்சை ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள், இப்படியே படுத்துவிட்டால் தாயும் இல்லை, கன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாந்து பார்த்தால் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒரு இடம்தான் பச்சையாக இருந்தது.

நானும் சித்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் புல்லுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து காய்ந்த இலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, எங்கள் காலைத்தான் பார்த்தார்.

“ஓரமா நில்லுங்க. வேரு மேல நிக்காதீங்க” என்றார்.

சித்தி ஓரமாக நின்றாள். “ஐயா, செவலை செனையா இருக்குங்க. எங்கயும் பச்சை இல்ல. நீங்க கழிச்சிப் போடுறதக் குடுத்தாலே போதும்.”

“இது மாடு திங்கிற புல்லு இல்ல. தொரைசாணி வச்ச புல்லு. மாட்டுக்குப் போட்டேன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன பதில் சொல்லுறது?”

“யாருங்கய்யா கேக்கப் போறா?”

அவர் கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டு ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் பயந்ததை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு துரை நிரந்தரமாக நின்றுகொண்டிருந்தார். கப்பல் ஏறிப் போன துரைக்கு இவர் இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “இந்தா, நாளைக்கு சாணி கொஞ்சம் கூடவே குடுத்தனுப்பு.”

வரும் வழியில், இருட்டியதும் நான் போய் அறுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். “வேணாம்டி. களவாண்ட புல்லுல கன்னு போட வேணாம்” என்றாள் சித்தி. மறுநாள் சாணி கொடுத்தனுப்பினாள். அதற்காக அடுத்த ஞாயிறு நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்து வந்த போயா நாளில்தான் துரைமகள் வந்தார். பெரிய பங்களாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா சீமையிலிருந்து வந்து ஓட்டலில் தங்கியிருக்கிறார், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார் என்று முதல் நாளே லயத்தில் பேச்சு. நம் ஆளுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? ஓட்டலுக்குப் போய்க் கைகட்டி நின்று, உங்கள் அம்மா வைத்த புல்லை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன், ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அந்த வெயிலில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டார். துரைமகள் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் லயத்து வழியாக மேட்டில் ஏறினார். கூட பதுளையிலிருந்து வேன் ஓட்டி வந்த டிரைவர், நம் தமிழ் ஆள், இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளை பின்னாலேயே முதுகை வளைத்து நடந்தார். லயமே வேடிக்கை பார்த்தது. பாதையோரம் மரத்தடியில் செவலையைக் கட்டி நானும் சித்தியும் நின்றிருந்தோம். அங்கிருந்து அவர் முற்றம் நன்றாகத் தெரியும், பேச்சும் கேட்கும்.

துரைமகள் புல்லைப் பார்த்தார். கதிரை விரலால் தட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்து ஏதோ சொன்னார். டிரைவர் தமிழில் சொன்னார்.

“இதுவான்னு கேக்குறாங்க. இது அவங்க பங்களா மாட்டுக்குன்னு வச்ச புல்லாம். காலையில மாட்டுக்காரர் அறுத்துட்டு வருவாராம், இவங்களும் சின்னப்புள்ளையில கூடப் போயி மாட்டுக்கு ஊட்டுவாங்களாம். அவங்கம்மாவுக்கு இதக் கண்டாலே புடிக்காதாம். பூப்பாத்தியெல்லாம் பரவுதுன்னு புடுங்கிப் போடச் சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம்.”

கணக்கப்பிள்ளையின் முகத்தை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். நியாயமாக ஒரு மனிதர் அந்த இடத்தில் உடைந்து போக வேண்டும், அல்லது கோபப்பட வேண்டும், குறைந்தபட்சம் வெட்கப்பட வேண்டும். அவர் தலையை ஆட்டினார். “ஆமாங்க நோனா, ஆமாங்க” என்றார். இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொன்னதை ஒரு மூச்சில் விழுங்கிவிட்டு, மாட்டுப்புல் என்பதை முன்பே அறிந்தவர் போல நின்றார்.

துரைமகளின் கண்ணில் செவலை பட்டது. அவர் குனிந்து ஒரு பிடிப் புல்லைப் பிடித்து இழுத்தார். வயதான கை, வரவில்லை. உடனே நம் ஆள் பாய்ந்தார். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கோட்டோடு மண்ணில் மண்டியிட்டு, கத்தரிக்கோலால்கூடப் பயந்து பயந்து தொட்ட அந்தப் புல்லை இரண்டு கையாலும் வேரும் மண்ணுமாகப் பிடுங்கிப் பிடுங்கித் துரைமகள் கையில் கொடுத்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. சாணி மிதித்தால்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

துரைமகள் இறங்கி வந்து செவலைக்கு ஊட்டினார். அது நாக்கை நீட்டி அவர் கையோடு சுருட்டித் தின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாட்டின் பெயர் கேட்டார். பிறகு சித்தியின் பெயர் கேட்டார். சித்தி, “காமாட்சி” என்றாள். சற்றுத் தள்ளி நம் ஆள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாட்டுக்குத் தினமும் கொடுங்கள் என்று துரைமகள் அவரிடம் சொன்னதாக டிரைவர் சொன்னார். “குடுக்குறேங்க நோனா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் நான் லீவு போட்டு லயத்தில் இருந்தேன். காலையில் அவரே ஒரு கட்டுப் புல்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். “இந்தா. தொரைமக சொல்லிட்டுப் போயிருக்காங்க, மாட்டுக்குப் போடணுமாம்” என்றார். பெயரைக் காதால் கேட்ட மறுநாளும் அவள் அவருக்கு ‘இந்தா’தான். இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் நான் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன். உத்தரவு வந்தது, கொடுத்தார். வேறு உத்தரவு வந்திருந்தால் வேறு செய்திருப்பார்.

சித்தி புல்கட்டை வாங்கிப் பிரித்தாள். செவலைக்கு முன்னால் உதறிப் போட்டாள். அதில் ஒரு பிடி வேரோடு வந்திருந்தது, மண்கூட உதிரவில்லை. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நொண்டி நொண்டி அவரிடம் போய், அவர் சட்டைப் பையில் அதைச் செருகினாள். வேர் உள்ளே, இலை வெளியே.

“இருக்கட்டுங்கய்யா. லயத்துல எல்லாரும் பாக்கட்டும்” என்றாள்.

வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் புல்லைச் சுமந்தவர்கள். அவர் குனிந்து தன் பையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. வெட்கப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையை விரலால் சரி செய்தார், கலியாண வீட்டில் சட்டையில் பூக் குத்திவிட்டால் சரி செய்வார்களே, அதே மாதிரி. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, அந்த லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து போனார். யாரோ ஒருத்தி சிரித்தாள். அவளுக்கும் ஒரு தலையாட்டு கிடைத்தது.

சித்தி சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “மறந்துட்டாருடி” என்றாள்.

ஆமாம், மறந்துவிட்டார். மறைக்கவில்லை, நடிக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. எத்தனை பெண்களின் முதுகில் அந்த மண்ணும் வேரும் ஏறியது, எத்தனை பேர் வீட்டுக்குப் போய்த் தலையைத் தட்டினார்கள், எதுவும் அவர் மனதில் ஒட்டவில்லை. செய்ததற்காக அவர் வெட்கப்படுவதை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். நினைவே இல்லாத ஆளை எப்படி வெட்கப்பட வைப்பது?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மறுநாளிலிருந்து அவர் புல்கட்டோடு வரும்போதே பையில் ஒரு பிடியைத் தானே செருகிக்கொண்டு வந்தார். துரை வீட்டுப் புல்லைக் காத்ததற்கு லயம் தனக்குச் செய்த மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ. டவுனுக்குப் போனாலும் அதோடு போனார். கோவில் திருவிழாவுக்கு அதோடு வந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு அந்தக் காட்சி போதுமென்று இருந்தது. அவர் பையைப் பார்க்கும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் ‘பார்க்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்’ என்று சொல்லிக்கொள்வேன்.

செவலை தேறியது. ஐப்பசி மழையில் கன்று போட்டது, கிடாரி. சித்தி கூடையைத் தொட வேண்டி வரவில்லை. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்தப் புல்லுக்குச் சொல்வேன், அதைப் பிடித்து இழுத்த அந்த வயதான கைக்குச் சொல்வேன்.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். முற்றத்தில் புல்லுக்கு நடுவே விழுந்து கிடந்தாராம். நானும் சித்தியும் போனோம். பெட்டியில் கோட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கோட்டுப் பையில் ஒரு பிடிப் புல், வேரோடு செருகியிருந்தது. அவருக்குப் பிடித்தது என்று அந்த அம்மாதான் வைத்திருக்கிறார். வந்த பெண்கள் ஒவ்வொருத்தராகப் பெட்டியருகே போனார்கள், புல்லைப் பார்த்தார்கள், விலகி நின்றார்கள். எனக்கு மனசாரத் திருப்தியாக இருந்தது. சாவு வீட்டில் அப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

சித்தி பெட்டியருகே போய் நின்றாள். குனிந்து அந்தப் புல்லை மெதுவாக வெளியே எடுத்தாள். கோட்டில் உதிர்ந்திருந்த மண்ணை முந்தானையால் தட்டிவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“இதோட அனுப்பாதீங்கம்மா” என்றாள் சித்தி. “நான் இதோட நடந்திருக்கேன்.”

வெளியே வந்து புல்லைக் கானில் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நானாக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.